கொரைரா வீட்டார் நின்று வாசிப்பார்கள்

கொரைரா வீட்டில் நான்கு தலைமுறையாக யாரும் எந்த அலுவலகத்திலும் போய்க் காத்து நின்றதில்லை. அந்த வீட்டு மகள் பெர்ப்பெத்தம்மாள், அறுபத்து மூன்று வயதில், கேட்புத் துறையின் மூன்றாம் மாடியில் ஒன்றேகால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். சுவரோரம் நாற்காலிகள் இருந்தன. அவள் உட்காரவில்லை. அந்தத் துறை போட்டிருக்கும் நாற்காலி எதை எதை அளக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அரசு இசைக்குழுவில் அவள்தான் முதல் வயலின். அவளுக்கு முன் அவள் தந்தை, அவருக்கு முன் அவர் தந்தை, அவர் பாட்டன். வாசிக்கவும் செய்தார்கள், எழுதவும் செய்தார்கள். தம்பி சூசைமரியான் எழுதுவதோடு நிறுத்திக்கொண்டவன். அவனுடைய சிம்பொனி அரங்கேறுகிறது என்றால் மீன்பிடித் துறைமுகத்தில் வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்பார்கள். இப்போது நான்கு வருடமாக உப்பளத் தீவுச் சீராக்க முகாமில் இருந்தான்.

"பெர்ப்பெத்தம்மா, உள்ள வாங்க," என்று அதிகாரி கோமகனே எழுந்து வந்து கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். மென்மையாகப் பேசுகிறவர். "உக்காருங்கம்மா. இது சாதா நாற்காலிதான்."

அவள் உட்கார்ந்தாள். அவர் இரண்டு தாள்களை மேசையில் வைத்தார்.

"உங்க தம்பி எழுதி அனுப்பின சிம்பொனிய, நீங்க ஒத்திகையில வாசிச்ச பதிவை, போன திங்கக்கிழமை இருநூறு பேருக்குப் போட்டுக் காட்டினோம். சூசைமரியான் கொரைரா எழுதினதுன்னு சொல்லித்தான் போட்டோம். துயரம் முப்பத்தொண்ணு."

சட்டம் அனுமதிக்கும் அளவு பன்னிரண்டு. பெர்ப்பெத்தம்மாளின் முதுகு இன்னும் நேரானது.

"அதுல அழுகிறதுக்கு ஒரு அடி கிடையாதே. நான் வாசிச்சவ சொல்றேன். சின்னப் பிள்ளைங்க கூடக் குதிக்கும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். புதன்கிழமை வேற இருநூறு பேர். பேரே சொல்லல. துயரம் நாலு. உவகை எழுபத்தெட்டு. என் சர்வீஸ்ல இப்படி ஒரு எண்ணை நான் பாத்ததில்லம்மா." அவர் தாள்களைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "பாட்டுல ஒண்ணுமில்ல. பேர்லதான் இருக்கு. கொரைரான்னதும் அவங்களுக்கு முகாம் ஞாபகம் வந்துருது. அங்க உக்காந்துக்கிட்டு இந்த மனுசன் இவ்வளவு சந்தோசமா எழுதியிருக்காரேன்னு நெனைக்கிறாங்க. பாட்டு எவ்வளவுக்குத் துள்ளுதோ அவ்வளவுக்கு அழறாங்க."

"அழறது அவங்க. தண்டனை என் தம்பிக்கா?"

"சட்டம் அப்படித்தானே இருக்கு. கேக்கறவன் மனசுக்கு எழுதினவன் பொறுப்பு."

ஒன்பது வருடத்துக்கு முன் வந்த சட்டம் அது. அதற்கு முன்பெல்லாம் தணிக்கைக்காரர்கள் இசைத்தாளைப் புரட்டி, இது துக்கமா எதிர்ப்பா என்று ஊகித்துக்கொண்டிருந்தார்கள். ஊகம் தவறியது. பிறகு எல்லா அரங்குகளிலும் இருக்கைக் கைப்பிடியில் செப்புத் தகடு பதித்தார்கள். கேட்பவர் இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்திருக்க வேண்டும். நாடித்துடிப்பு, வியர்வை, மூச்சு மூன்றையும் எடுத்துக்கொண்டு அது எண் சொல்லும். அந்த எண்ணுக்கு முன் வாதம் எதுவும் நிற்காது. சூசையின் கடைசி சிம்பொனி நாற்பத்தாறு வாங்கியது. அன்றைக்கே அழைத்துப் போனார்கள். சிரிக்க வைக்கும் ஒரு படைப்பை எழுதிக் கொடுத்தால் விடுதலை என்று சொல்லியிருந்தார்கள். நான்காவது வருடத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். போன மாதம் பார்க்கப் போனபோது துணியில் இருமி, அந்தத் துணியை அவள் கண்ணில் படாமல் மடித்துக்கொண்டான். உப்புத் தூசி நெஞ்சை அரித்துவிட்டிருந்தது. இன்னொரு கோடையைத் தாங்க மாட்டான் என்று முகாம் மருத்துவரே சொன்னார்.

"நிறுவன நாள் அரசு விழாவுக்கு மூணு வாரம் இருக்கு," என்றார் கோமகன். "வேற படைப்பு கையில இல்ல. இதைத்தான் வாசிச்சாகணும். வேற பேர்ல வாசிப்போம். உங்க தம்பி கொடுத்த வேலைய முடிச்சுட்டாருன்னு நான் கோப்பை மூடிருவேன். குடும்பத்துல யாரும் உரிமை கேக்க மாட்டோம்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

"யார் பேர்ல?"

கோமகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தணிகைவேல் சார். அவரேதான் வந்து கேட்டாரு."

பெர்ப்பெத்தம்மாள் எழுந்துவிட்டாள்.

தணிகைவேல் பதினான்கு வயதில் அவர்கள் வீட்டுக்கு வந்தவன். பத்து வருடம் அவள் தந்தையின் காலடியில் உட்கார்ந்து இசை எழுதப் படித்தான். அதே மேசையில் சாப்பிட்டான். சூசையை அழைத்துப் போனபோது, அவன் இசை மக்களைக் கெடுக்கிறது என்று துறை எழுதிய தாளில் முதல் கையெழுத்து தணிகைவேலுடையது. இப்போது அரசு இசைக்குழுவின் இயக்குநர், மேடையில் கோலசைக்கும் நடத்துநர்.

"கேப்பான். நல்லா இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்," என்றாள்.

"பேரை எடுத்துக்கிட்டா பொறுப்பையும் எடுத்துக்கணும்மா. அன்னிக்கு எண் ஏறிப்போச்சுன்னா முகாமுக்குப் போறது அவருதான். உங்க தம்பி இல்ல. அதையும் நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தாள். தம்பி மடித்து மறைத்த துணியையும் நினைத்தாள். உட்காராமலே, குனிந்து, கையெழுத்துப் போட்டாள்.

*

அரசு இசைக்குழுவில் யாரும் வேலையை விட்டுப் போக முடியாது. ஆகவே நான்கு வருடமாக அவள் தணிகைவேலின் கோலுக்குக் கீழேதான் வாசித்தாள். ஆனால் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்க வேண்டியதைப் பக்கத்து நாற்காலிக்காரன் மார்ட்டின் மூலம் கேட்பாள். இருவருக்கும் ஒரே ஸ்டாண்டு, ஒரே தாள்.

"மார்ட்டின், அந்த ஐயாகிட்டக் கேளு. நாப்பதாவது அடி மேல் வில்லா, கீழ் வில்லா?"

இரண்டு முழம் தள்ளி நிற்கும் தணிகைவேல், "கீழ் வில்," என்பார்.

"கீழ் வில்லாம்க்கா," என்பான் மார்ட்டின். "நாலு வருசமா நான் வயலின் வாசிக்கிறேனா தபால் கொடுக்கிறேனான்னு எனக்கே தெரியல. ஓய்வூதியம் எந்த இலாகாவுல வாங்கறது?"

அந்த மூன்று வாரமும் பெர்ப்பெத்தம்மாள் வாசித்ததுபோல் அவள் வாழ்நாளில் வாசித்ததில்லை. அவ்வளவு ஒளியான இசை அது. முதல் பகுதியில் ஹார்ன்கள் கூப்பிட, வயலின்கள் ஓடிவந்து பதில் சொல்லும். மூன்றாம் பகுதியில் எல்லாம் அடங்கி, முதல் வயலின் மட்டும் தனியே ஒரு நடனத்தைத் தொடங்கும். அந்த இடத்தில் அவளுக்கு மயிர்க்கூச்செறியும். ஒரு வரியை முடிக்கப்போவதுபோல் காட்டி முடிக்காமல் திருப்பிக்கொண்டு போகிற வித்தை அப்பாவுடையது. வேறு எந்த வீட்டிலும் இல்லாதது.

"பாத்தியா மார்ட்டின், எங்க அப்பா கை," என்றாள். "கம்பி வேலிக்குள்ள போட்டாலும் ரத்தம் எங்க போகும்?"

மார்ட்டின் சத்தம் வராமல் தலையாட்டினான்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, தேநீர் இடைவேளையில் தணிகைவேல் நேராக அவள் முன்னால் வந்து நின்றார். அறுபது வயதில் தோள்கள் கூனியிருந்தன.

"அக்கா."

"மார்ட்டின், யாருக்கு யாரு அக்கான்னு கேளு."

மார்ட்டின் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தான்.

"மூணாவது பகுதியில நீங்க எந்திரிச்சிரக் கூடாது," என்றார் தணிகைவேல். "உங்க வீட்டு வழக்கம் ஊருக்கே தெரியும்."

ஊருக்கே தெரிந்ததுதான். பாட்டனார் எழுதிய முதல் சிம்பொனி அரங்கேறியபோது, முதல் வயலினில் இருந்த அவர் மகன் தனிப்பகுதி வந்ததும் எழுந்து நின்று வாசித்தார். அன்றிலிருந்து கொரைரா எழுதியதைக் கொரைரா நின்றுதான் வாசிப்பார். மற்றவர் எழுதியது எவ்வளவு பெரியதானாலும் உட்கார்ந்துதான். கேட்க வருகிறவர்கள் அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பார்கள். சூசையைக் கொண்டுபோன பிறகு பெர்ப்பெத்தம்மாள் எழுந்ததில்லை.

"நீங்க நின்னீங்கன்னா, இது யாரோடதுன்னு கூவிச் சொன்ன மாதிரி," என்றார் தணிகைவேல்.

"மார்ட்டின், அவர்கிட்டச் சொல்லு. திருடின சட்டையைப் போட்டுக்கிட்டுத் தெருவுல போறவனுக்கு, சட்டைக்காரனோட வீட்டைத் தாண்டும்போது பயமாத்தான் இருக்கும்."

"நான் சொல்ல வேணாம்க்கா. காதுல விழுந்திருக்கும்."

தணிகைவேல் கோபப்படவில்லை. "பயமாத்தான் இருக்கு," என்றார்.

"உக்காந்து வாசிப்பேன்னு சொல்லு," என்றாள் பெர்ப்பெத்தம்மாள். "எங்க வீட்டு வாக்கு."

*

நிறுவன நாள் காலை பத்து மணிக்கு ஆயிரத்து நானூறு பேர் உள்ளங்கைகளைச் செப்புத் தகட்டில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குப் போகும் வழியில் கோமகன் அவளை ஓரமாக நிறுத்தி, மடித்த தாளொன்றைக் காட்டினார்.

"விழா முடிஞ்ச பிறகுதான் விடுதலைக்குக் கையெழுத்தாகும்னு இருந்தது. நான் போய்ப் பேசி நேத்தே வாங்கிட்டேன். நாலாம் நாள் உங்க தம்பி வீட்டுல இருப்பாரு. இனி இதை யாரும் மாத்த முடியாது. நீங்க நிம்மதியா வாசிக்கணும்னுதான் காட்டினேன்."

அந்த மனிதர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்.

அவள் போய் உட்கார்ந்தாள். அறிவிப்பாளர் ஒரு தாளை விரித்துப் படித்தார். "துக்கத்தை விற்றுப் பிழைத்த கொரைரா குடும்பத்தின் ஒப்பாரி மரபைத் துடைத்தெறிந்து, நமது தணிகைவேல் அவர்கள் படைத்திருக்கும் புத்தம்புதிய சிம்பொனி..." கைதட்டல் எழுந்தது. பெர்ப்பெத்தம்மாள் தணிகைவேலைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அறிவிப்பை இவனே எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று அவள் முடிவுகட்டினாள். நான்கு தலைமுறைப் பெயர், அவர்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவனின் பாராட்டுரையில் துடைக்கும் துணியாகக் கிடந்தது.

முதல் பகுதி நன்றாகப் போனது. இரண்டாம் பகுதியும். மேடையின் மேல்விட்டத்தில், வாசிப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி ஒரு சிறு பலகை இருந்தது. அதில் துயரத்தின் சிவப்பு எண் மூன்றைத் தாண்டவில்லை. மூன்றாம் பகுதி அடங்கி, தனி வயலினுக்கு இடம்விட்டது.

பெர்ப்பெத்தம்மாள் எழுந்து நின்றாள்.

பிறகு நடந்த விசாரணையில் முழங்கால் பிடித்துக்கொண்டது, அதனால் எழுந்தேன் என்றாள். அது பொய். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

தணிகைவேலின் இடது கை ஒருமுறை தாழ்ந்து, உட்காருங்கள் என்று கெஞ்சியது. அவள் அவர் தோளுக்கு மேலாக அரங்கைப் பார்த்து வாசித்தாள். மேல்தளத்தில் யாரோ ஒரு ஆண் குரலடக்க முடியாமல் விம்மினார். அதன்பின் வரிசை வரிசையாக. வயலின் துள்ளத் துள்ள அவர்கள் அழுதார்கள். கைகளைத் தகட்டிலிருந்து எடுக்கக் கூடாது என்பதால் யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. பலகையில் பதினொன்று, பத்தொன்பது, முப்பத்துநாலு.

தணிகைவேல் நிறுத்தியிருக்கலாம். உடல்நிலை சரியில்லை என்று கோலைக் கீழே வைத்திருக்கலாம். பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளத்தைச் சற்றே தளர்த்தி, அவளுடைய நடனம் நின்று மூச்செடுக்க இடம் கொடுத்தார். அவள் எங்கே மூச்செடுப்பாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசி அடி வரை நடத்தி முடித்தார்.

முடிந்ததும் நடத்துநர் முதல் வயலினுக்குக் கை கொடுக்க வேண்டும். அது எல்லா நாட்டு இசைக்குழுவிலும் உள்ள முறை. நான்கு வருடமாக அந்த நேரம் வரும்போதெல்லாம் அவள் வயலினையும் வில்லையும் சேர்த்து வலது கையில் பிடித்துக்கொள்வாள். அன்றும் அப்படியே செய்தாள். நீண்ட கை சும்மா திரும்பியது.

"நல்லா வாசிச்சீங்கக்கா," என்றார். "மூணாவது பகுதி இப்படித்தான் கேக்கணும்னு..." மேலே சொல்லவில்லை. கோலை மார்ட்டினிடம் கொடுத்துவிட்டு, திரையோரம் காத்திருந்த துறையின் இரண்டு வெள்ளைச் சட்டைக்காரர்களை நோக்கி நடந்தார்.

விசாரணை அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. கோமகனின் முகம் வெளுத்திருந்தது. "முழங்கால்னு சொல்லுங்கம்மா. நான் எழுதிக்கிறேன். பேர் மாத்தினது வெளிய வந்தா முதல்ல மாட்டறது நான், அப்புறம் எனக்கு மேல இருக்கறவங்க. அதனால மாத்தவே இல்ல. அது தணிகைவேல் எழுதினது. அவ்வளவுதான்."

*

நாலாம் நாள் மதியம் ஒரு வேன் வந்து சூசையை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. பாதி ஆளாக வந்திருந்தான். பெர்ப்பெத்தம்மாள் அவனைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றினாள். அவன் நாலு வாய் குடிக்கும்வரை பொறுத்திருந்தாள். அதற்குமேல் முடியவில்லை.

"நான் நின்னேன்டா," என்றாள். "அறிக்கை வாசிச்சு நம்ம பேரை மண்ணுல போட்டு மிதிச்சாங்க. மூணாவது பகுதியில எந்திரிச்சு நின்னேன். ஆயிரத்து நானூறு பேரும் அழுதாங்க. யாரோட இசைன்னு இனி ஒருத்தன் மறைக்க முடியாது."

சூசை கரண்டியைக் கீழே வைத்தான். "தணிகை அண்ணன்?"

"போயிட்டான். நீ இருந்த முகாமுக்கு இடம் மாறிப் போயிருக்கான், அவ்வளவுதான்."

அவன் வெகுநேரம் இருமினான். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இருமல் நின்றபிறகு அவன் அவள் கையை விலக்கினான்.

"அது என்னுது இல்லக்கா."

"எது?"

"அந்த சிம்பொனி. ஒரு அடி கூட என்னுது இல்ல. அங்க போன ரெண்டாம் மாசமே எனக்குள்ள எல்லாம் அடங்கிப்போச்சு. உக்காந்தா உப்புதான் ஞாபகம் வரும். மாசாமாசம் துறை மூலமா எழுதறதுக்குத் தாள் வரும். அனுப்பறது தணிகை அண்ணன். அடியில பத்துத் தாள்ல பென்சில்ல இசை எழுதியிருக்கும். காவல்காரனுக்கு இதெல்லாம் படிக்கத் தெரியாது, பழைய தாள்னு விட்டுருவான். நான் மையில எழுதிக்கிட்டுப் பென்சிலை அழிச்சிருவேன். ரெண்டு வருசம் ஆச்சு முடிக்க."

"பொய் சொல்லாத. அப்பாவோட கை இருக்கு அதுல. மூணாவது பகுதியில அந்த முடிக்காத வரி..."

"அப்பாகிட்டப் பத்து வருசம் உக்காந்தது அவர்தானக்கா. நான் எங்க உக்காந்தேன்? பந்தை எடுத்துக்கிட்டுக் கடலோரம் ஓடிருவேன். நீதான வந்து இழுத்துட்டுப் போவ."

அவள் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"அப்ப, அன்னிக்கு உனக்கு எதிரா அவன் போட்ட கையெழுத்து?"

"பயந்து போட்டாரு. அதுக்கப்புறம்தான் இந்தத் தாளெல்லாம்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல? ஒரு வார்த்தை..."

"பாக்க வர்ற பத்து நிமிசமும் காவல் பக்கத்துலயே நிக்கிறான். அதுவும் போக, ஒரு தாள் ஓரத்துல எழுதியிருந்தாரு." சூசை கஞ்சியைப் பார்த்தபடி சொன்னான். "அக்காவுக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா என்னோடதை வாசிக்க மாட்டாங்கன்னு."

அவர் எழுதியிருந்தது சரி. வாசித்திருக்க மாட்டாள்.

உண்மையைப் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். துறையை ஏமாற்றியதற்காகச் சூசை திரும்பிப் போவான். தணிகைவேல் வரமாட்டார். அவர் எழுதியதற்காகத்தான் அவரைக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தச் சட்டம் இந்த ஒரு முறை சரியான ஆளைத்தான் பிடித்திருந்தது. அவரைப் பிடித்துக்கொடுத்தது, அவருடைய இசையை நின்று வாசித்த அவள். வெளியிலிருந்து அவருக்கு யார் தாள் அனுப்புவார்கள்? அனுப்பினாலும் அதில் எழுதித் தர யார் இருக்கிறார்கள்?

வாசலில் பேச்சுக் குரல்கள் கேட்டன. ஜன்னல் வழியே பார்த்தாள். மார்ட்டின் முன்னால் நின்றான். பின்னால் இசைக்குழுவில் பாதிப் பேர், தெருக்காரர்கள், துறைமுகத்திலிருந்து வந்த நாலைந்து பேர். கையில் பழம், ரொட்டி, ஒரு பாத்திரத்தில் ஏதோ குழம்பு. யாரோ ஒருவன் மூன்றாம் பகுதியின் நடனத்தை வாய்க்குள் சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அண்ணன் வந்தாச்சாமே," என்றான் மார்ட்டின் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "ஒரு நிமிசம் பாத்துட்டுப் போயிர்றோம். அண்ணன் இதுவரைக்கும் எழுதினதுல இதுக்கு ஈடே இல்லன்னு இவங்கள்லாம் சொல்றாங்க. அதை அவர்கிட்ட நேர்ல சொல்லணுமாம்."

சூசை மேசையிலிருந்து அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டாள். முதுகு தானாக நிமிர்ந்தது. அறுபத்து மூன்று வருடத்துப் பழக்கம் அது, அவளைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை.

கதவைத் திறந்தாள்.

"வாங்க," என்றாள். "தம்பி சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்."